மொட்டை போட்டவர் படித்த காகிதம்

பத்தாவது பரிட்சைக்கு முந்தின நாள் காலையில் என் ஹால் டிக்கெட்டைக் காணவில்லை. சமூக அறிவியல் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். புத்தகம் வைத்த இடத்தில் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. பாயை உதறினேன். துணி மூட்டையை அவிழ்த்துக் கொட்டினேன். கடைசியில் அடுப்பெதிரில் இருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"உன் போட்டோ ஒட்டி சீலு குத்தி இருந்துச்சே, அத்தயா? எலி கடிச்சிடப் போவுதுன்னு பையில போட்டு வச்சேன்" என்றாள். நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவு அவள் முகத்தில் இருந்தது.

பை என்றால் ஜவுளிக்கடை மஞ்சள் பை. கூரைக் கழியில் தொங்கும். ரேஷன் கார்டு, சர்க்கார் எங்களுக்குக் கொடுத்த ஒரு ஏக்கருக்குப் பட்டா, எனக்கு ஊசி போட்ட சீட்டு, கரண்டு பில், ஏதோ கட்சிக்காரன் கொடுத்த நோட்டீஸ், எல்லாம் அதற்குள்தான். எது என்ன என்று என் நைனா கங்கையாவுக்கும் தெரியாது, அம்மா செல்லியம்மாவுக்கும் தெரியாது. எந்த ஆபீசுக்குப் போனாலும் நைனா பையோடு போய் மேசைமேல் கவிழ்ப்பார். உட்கார்ந்திருப்பவர் தனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவார். ஒருமுறை பட்டாவை மாட்டாஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து, மூன்று நாள் கழித்து கம்பவுண்டர் ஆள் அனுப்பித்தான் அது தெரிந்தது. நான் பிரித்து வைக்கிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "நீ கை வெக்காத" என்பார். படித்த பிள்ளையின் கை அந்தப் பையில் படக்கூடாது. அதற்குக் காரணம் என் அண்ணன் தமிழரசு.

அண்ணன் பத்தாவது எழுதிய வருடம் பேப்பரில் நம்பர் வந்தது. அவன் ஒரு பேப்பரை வாங்கி வந்து நைனா முன்னால் விரித்து, ஒரு நம்பரில் விரலை வைத்து, "இதான் நைனா என் நம்பர், பாஸு" என்றான். நைனா அந்த நம்பரைச் சுற்றி அடுப்புக்கரியால் வட்டம் போட்டார். கங்கையம்மனுக்குப் பொங்கல் வைத்தார். பேப்பரை எட்டாக மடித்து மடியில் செருகிக்கொண்டு, எதிரில் வந்தவர் போனவர் எல்லோருக்கும் காட்டினார். நாலு மாதம் கழித்து நகரி பஸ்ஸில் ஒரு கண்டக்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, இது சித்தூர் ஜில்லா நம்பரே இல்லையே" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. அண்ணன் அன்றைக்கு பெங்களூருக்கு ஓடினவன், அங்கே ஓட்டலில் மேசை துடைக்கிறான் என்று கேள்வி. நைனாவுக்கு அன்றிலிருந்து ஒரே முடிவு. எழுத்து தெரிந்தவன் எதை வேண்டுமானாலும் படிப்பான்.

ஆகையால் நான் வீட்டில் சத்தமாகப் படித்தால்கூட அவருக்கு ஆகாது. "யாருக்கு கத உடற" என்பார். இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம் அது. எங்கள் காலனியில் இளசுகள் யாரும் தங்கவில்லை. பையன்கள் பெங்களூருக்கும் மெட்ராசுக்கும், பெண்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் நூல் மில்லுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். நகரி கோவர்த்தனன் என்பவர்தான் மில்லுக்கு ஆள் பிடிப்பவர். என்னையும் வியாழக்கிழமை ரயிலில் அனுப்புவதாக நைனா அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு வருடம் வேலை, பொங்கலுக்கு வீட்டுக்கு வரலாம் என்று பேச்சு. அதே வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு எனக்குப் புத்தூரில் தமிழ் முதல் தாள். எல்லாத் தாளும் எழுதி முடித்ததும் அடுத்த ரயிலில் போகிறேன் என்று அழுது கேட்டிருந்தேன். அவர் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஹால் டிக்கெட் இல்லை.

"ஞாயித்துக்கெழம உங்க நைனா பைய எட்த்துக்கினு கோவர்த்தனன பாக்கப் போனாரே" என்றாள் அம்மா. சொல்லும்போதே அவளுக்கும் புரிந்து, கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

ரெட்டியார் கொல்லையில் நைனா கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். ஓடிப் போய்க் கேட்டேன். வெட்டுவதை நிறுத்தாமலே, "வயசுக்கு ஒரு சீட்டு வோணும்னாரு. பைய கொட்டனேன். அவரே எட்த்துக்கினாரு" என்றார்.

"அது இல்லன்னா பரிட்ச எழுத உடமாட்டாங்க நைனா."

"எழுதாம போ. உங்கண்ணன் எழுதி இன்னா கிழிச்சான்."

இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. "அது சர்க்கார் சீட்டு. பரிட்ச முடிஞ்சதும் திருப்பிக் குடுக்கணும். தொலச்சா கையெழுத்து போட்ட ஹெட்மாஸ்டர் மேலயும் உம்மேலயும் கேஸு. சீட்டுக்குப் பின்னாடியே போட்டுக்குது" என்றேன். பின்னால் அப்படி ஒன்றும் போட்டிருக்கவில்லை. கறுப்பு பேனா கொண்டுவரவும் என்றுதான் போட்டிருந்தது.

கத்தி நின்றது. சர்க்கார் என்றால் நைனாவுக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிடும். எழுத்து தெரியாதவரை ஏமாற்றுவது இவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அண்ணன்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் கூச்சமாக மாறியது.

கோவர்த்தனன் பெண்களைச் சேர்த்துக்கொண்டு திருப்பதியில் பஸ் ஸ்டாண்டு பின்னால் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். நாங்கள் போய்ச் சேரும்போது மணி ஒன்று. அறையில் கட்டில் ஓரத்தில் சத்தியவேடு பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் காகிதங்கள் அடுக்கி, மேலே ஒரு டம்ளர் வைத்திருந்தது.

"இன்னா கங்கையா, நாளைக்கில்ல வரச்சொன்னேன். பொண்ண இன்னிக்கே கொணாந்துட்டியா" என்றார் கோவர்த்தனன்.

நைனா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். "சார், அந்த சீட்ட திருப்பிக் குடுக்கணுமாம். சர்க்கார் சீட்டாம். இல்லன்னா கேஸாயிடுமாம்."

கோவர்த்தனன் சிரித்தார். "யார் சொன்னது கேஸுன்னு? உம்பொண்ணா? அது பரிட்ச எழுத உள்ள உடற சீட்டு, அவ்ளோதான். கேஸும் இல்ல கீஸும் இல்ல. ரயில் ஏறப்போற பொண்ணுக்கு அது இன்னாத்துக்கு? மில்லுல வயச காட்டணும், எங்கிட்டயே இருக்கட்டும்."

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடித்திருந்தால்கூடத் தேவலை. பஸ்ஸில் சிரித்தார்களே, அந்த நாள் வீட்டுக்கு வந்தபோது எப்படி இருந்தாரோ அப்படி இருந்தார். நான் தலையைக் குனிந்தேன். குனிந்த இடத்தில் மேசைமேல் மில்லின் ஒப்பந்தக் காகிதம் இருந்தது. டம்ளருக்குக் கீழே, மற்ற காகிதங்களுக்கு மேலாக. என் பெயர், என் ஊர், கீழே நைனாவின் கட்டைவிரல் ரேகை.

மில் தமிழ்நாட்டில் இருந்ததால் எல்லாம் தமிழில் அச்சடித்திருந்தது. எனக்குப் பள்ளிக்கூடமே தமிழ் மீடியம்தான். படித்தேன். முதலில் மனதுக்குள். பிறகு சத்தமாக.

"மேற்படி பெண் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பணிபுரியச் சம்மதிக்கிறோம். மூன்று ஆண்டுகள் முடியுமுன் நின்றுவிட்டால் முடிவில் தரும் தொகை எதுவும் கிடைக்காது."

"ஒரு வருசம்னு சொன்னியே சார்" என்றார் நைனா.

"ஒரு வருசம்தான். அதுல அப்டிதான் போட்டிருக்கு. பொண்ணு போவ இஷ்டமில்லாம இட்டுக்கட்டிப் படிக்குது. கேஸுன்னு சொன்ன மாதிரிதான் இதுவும்."

நைனா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையைத்தான் படித்தேன், அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. காகிதத்தை அவர் கண் முன்னால் பிடித்தாலும் அவருக்கு அது கறுப்புப் பூச்சிதான். நாளைக்குக் காலை ஒன்பதரை என்பது மட்டும் மண்டைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று வருடம் போதவில்லை, இன்னும் பெரிதாக ஏதாவது வேண்டும் என்று தோன்றியது. அப்போதுதான் அந்த வேலையைச் செய்தேன். காகிதத்தின் கடைசி வரியில் விரலை வைத்து, "பணியின்போது பெண் இறந்தால் உடலை ஊருக்கு அனுப்பக் கம்பெனி பொறுப்பல்ல" என்று வாசித்தேன். என் விரல் இருந்த இடத்தில் தேதியும் இடமும் போட்டிருந்தது.

கட்டிலில் இருந்த பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நைனா டம்ளரை நகர்த்தி, தன் ரேகை இருந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். "ஏய் கங்கையா" என்று கோவர்த்தனன் பின்னாலேயே எழுந்தார். வராந்தா முனையில் லாட்ஜ் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். நைனா அவரிடம் நீட்டினார். அவர் பார்த்துவிட்டு, "நாக்கு அரவம் ராதய்யா" என்று திருப்பிக் கொடுத்தார். தமிழ் எழுத்து அவருக்கும் தெரியாது.

பக்கத்து அறையில் திண்டிவனத்துக் குடும்பம் ஒன்று இறங்கியிருந்தது. மலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்தவர்கள். அந்த வீட்டுக்காரர் வாசலில் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. எங்கள் காலனியில் ஒரு பேச்சு உண்டு: மலையிறங்கினவன் தலையில் சந்தனம் காய்கிறவரைக்கும் பொய் சொல்லமாட்டான், சொன்னால் கொடுத்த முடி வீண். வாய்க்கால் தகராறுக்குக்கூட எங்களில் அப்படி ஒருவரைச் சாட்சிக்கு அழைப்பார்கள். நைனா நேராக அவர் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சாமி, இத்த கொஞ்சம் படிச்சுச் சொல்லணும். இருக்கறத அப்டியே. கூட்டாம கொறைக்காம."

அவர் கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார். மனைவி தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். உண்மை வெளியே வரப்போகிறது, என் பொய்யும் கூடவே வரப்போகிறது. ஓடிப்போய் அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். கோவர்த்தனன் கதவில் கையூன்றி நின்றார். அவருக்கும் வியர்த்திருந்தது.

மொட்டை போட்டவர் எழுத்து எழுத்தாகப் படித்தார். என் பெயர், நைனா பெயர், ஊர். "மூன்று ஆண்டுகள் தொடர்ந்து..." என்று வந்ததும் நைனா, "எத்தினி?" என்றார்.

"மூணு வருஷம். முன்னாடியே நின்னுட்டா கடைசியில தர்ற பணம் கிடையாதுன்னு போட்டிருக்கு."

"ஒரு வருசம்னு எங்கனா இருக்கா?"

"இல்லீங்களே."

"கடைசியில?"

"கடைசியில தேதி, இடம். அப்புறம் இது உங்க கைநாட்டு."

"பொண்ணு செத்தா பொணத்த அனுப்பமாட்டம்னு போட்டுக்குதா?"

அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "அந்த மாதிரி ஒண்ணும் இல்லீங்க. ஏன் அப்படிக் கேக்கறீங்க?"

என் காது இரண்டும் சுட்டது. கோவர்த்தனன் தைரியம் வந்தவர்போல, "பாத்தியா, உம்பொண்ணு லட்சணத்த" என்றார்.

"பாத்தேன் சார்" என்றார் நைனா. "உன் லட்சணத்தயும் பாத்தேன்."

அதற்குள் அறைக்குள் இருந்த பெண்களில் ஒருத்தி வராந்தாவுக்கு வந்து, "அண்ணா, என் காயிதத்தயும் படிக்கிறியா?" என்று அந்த மொட்டைத் தலைக்காரரிடம் கேட்டாள். கோவர்த்தனன் வேகமாக உள்ளே போய் மேசைமேல் இருந்ததை எல்லாம் வாரினார். நைனா அவர் பின்னாலேயே போய் வழியை மறித்து நின்றார். என் நைனா அப்படி ஒருவர் எதிரில் நின்று நான் பார்த்ததில்லை. நின்றாரே தவிர கை உயர்த்தவில்லை, குரலும் உயர்த்தவில்லை. "அந்தச் சீட்ட குட்துடு சார். போறோம்" என்றார்.

கோவர்த்தனன் கத்தையிலிருந்து ஒரு ஹால் டிக்கெட்டை உருவிக் கட்டில்மேல் எறிந்தார். என் போட்டோ அதில் எனக்குத் தெரிந்தது. எடுக்கப் போனேன். நைனா என் கையைத் தட்டிவிட்டார். தானே எடுத்து, வெளியே கொண்டுபோய், அந்த மொட்டைத் தலைக்காரரிடம் காட்டி, "இது எம்பொண்ணு சீட்டுதானா சாமி? யமுனான்னு போட்டுக்குதா?" என்று கேட்டார். என் முகம் அதில் ஒட்டியிருக்கிறது. நான் பக்கத்திலேயே நிற்கிறேன். ஆனாலும் ஊர் பேர் தெரியாத ஒருவர் சொன்னால்தான் அவருக்கு நிச்சயம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ எனக்கு யோக்கியதை இல்லை என்றும் தெரிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். இரண்டு காகிதமும் அவர் சட்டைப் பைக்குள். "நைனா" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். ரேணிகுண்டா தாண்டியும் திரும்பவில்லை. புத்தூரில் எலும்பு வைத்தியரிடம் கை காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் ஏறினார்கள், ஒருவருக்கு எழுந்து இடம் கொடுத்தார், பிறகு வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். ரயிலுக்கு அனுப்பமாட்டார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. பரிட்சைக்கு அனுப்புவாரா என்று தெரியவில்லை. அம்மா சோறு போட்டாள். "சீட்டு கெட்ச்சுதா?" என்று அவள் கேட்டதற்கு, "கெட்ச்சுது" என்றார். அவ்வளவுதான். சட்டையைக் கழற்றாமலே படுத்தார்.

காலையில் நான் எழுந்தபோது அவர் பாயில் இல்லை.

"விடியறதுக்குள்ள கெளம்பிட்டாரும்மா. எங்கன்னு சொல்லல" என்றாள் அம்மா.

"என் சீட்டு?"

"அவரு சட்டையிலதான் இருந்துச்சு."

ஏழு மணி வரை பார்த்தேன். ஏழரை வரை பார்த்தேன். கரும்புக் கொல்லைக்கு ஓடினேன், அங்கே வரவில்லை என்றார்கள். பட்ட அவமானத்துக்குக் கிழித்துப் போட்டிருப்பாரோ என்று தோன்றியது. கோவர்த்தனனிடமே திரும்பக் கொண்டுபோயிருப்பாரோ என்றும் தோன்றியது. அண்ணன் ஒரு பொய் சொன்னான், நான் ஒரே நாளில் இரண்டு சொன்னேன். கணக்குப் பார்த்தால் என்னைத் துரத்துவதுதான் நியாயம். "நீ போய்க்கினு இரு, போ" என்று அம்மா என் கையில் பேனாவைத் திணித்து ரோட்டுக்குத் தள்ளினாள். எட்டு மணி பஸ் எட்டே காலுக்கு வந்தது. டிக்கெட் இல்லாமல் பரிட்சைக்குப் போகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

புத்தூர்ப் பள்ளிக்கூட கேட்டில் கூட்டம். எல்லோர் கையிலும் ஹால் டிக்கெட். எல்லோர் அப்பாவும் ஏதோ புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். முதல் மணி அடித்துவிட்டார்கள். கேட்டில் நின்ற வாத்தியார் என் வெறுங்கையைப் பார்த்து, "எக்கடம்மா ஹால் டிக்கெட்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்குப் பின்னாலிருந்து எங்கள் ஹெட்மாஸ்டர் வந்தார். கூடவே நைனா.

"நாலரை மணிக்கே என் வீட்டுக் கதவைத் தட்டிட்டாரும்மா உங்கப்பா" என்றார் ஹெட்மாஸ்டர். "இது நிஜமாவே பரிட்சை சீட்டுதானா, இன்னிக்குத்தான் பரிட்சையா, இவதான் எழுதணுமா, மூணையும் மூணு தடவை கேட்டாரு. நாங்க வந்து ஒரு மணி நேரம் ஆவுது."

நைனா சட்டைப் பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது. "போ" என்றார்.

வினாத்தாளில் எட்டாவது கேள்வி கடிதம். விடுதியில் தங்கிப் படிக்கும் நீ, உன் தந்தைக்கு உன் படிப்பைப் பற்றிக் கடிதம் எழுதுக. வாத்தியார் எழுதிப் போட்டதை மனப்பாடம் செய்திருந்தேன். "அன்புள்ள அப்பாவுக்கு, தங்கள் கடிதம் கிடைத்தது. படித்து மிக்க மகிழ்ச்சி அடைந்தேன். தாங்கள் எழுதிய அறிவுரைப்படியே நடந்து வருகிறேன்" என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட்டுக்கு வெளியே நைனா தெரிந்தார். மண்ணில் குந்தி, கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மார்க் கேள்வி, விட்டுவிட முடியாது. "தங்கள் அன்பு மகள்" என்று முடித்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தேன். மற்ற அப்பாக்கள் எல்லாம் வினாத்தாளை வாங்கி, இதற்கு என்ன எழுதினாய், அதற்கு என்ன எழுதினாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நைனா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். நேற்று மத்தியானத்திலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டார்.

"அல்லாம் நெஜந்தானே எழுதின?"

"ஆமா நைனா" என்றேன்.

என் கையிலிருந்த வினாத்தாளை வாங்கி அவர் யாரிடமும் காட்டவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ்ஸை நோக்கி நடந்தார்.